மார்கரெட்டின் கோட்டு

"யாருடி இந்த மார்கரெட்?"

நஃபுலா கை கழுவுவதற்காகக் கழற்றி மாட்டிய கோட்டை உள்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு கேட்டாள் மகேனா. கழுத்துப் பட்டைக்குள் தைத்திருந்த வெள்ளை நாடாவில் அழியாத மையில் 'மார்கரெட், அறை 14' என்று எழுதியிருந்தது. இத்தனை நாள் அது நஃபுலாவின் கண்ணிலேயே படவில்லை.

"எங்க அத்தை," என்றாள் நஃபுலா. அரை நொடிகூட யோசிக்கவில்லை. "லண்டன்ல இருக்காங்க."

"அத்தைக்கு எதுக்குடி ரூம் நம்பர்?"

"பெரிய வீடு."

"அதுவும் மேடம் இன்னிக்குப் போட்டிருக்கிற ஸ்கர்ட்டோட அதே மாதுளைக் கலரு. ஐஸ் வைக்கிறதுல உன்ன அடிச்சுக்க ஆளில்ல!"

அந்த அத்தைதான் பாவம். ஆறு மாதமாக ஓய்வு ஒழிச்சல் இல்லாமல் லண்டன் கடைகளில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறாள். நஃபுலாவின் பட்டுச் சட்டைகள், தோல் பை, முத்து வைத்த செருப்பு எல்லாம் அவள் அனுப்பியவைதாம். பிறக்கவே பிறக்காத ஒருத்தி இதற்கு மேல் என்ன செய்துவிட முடியும்?

உண்மையான அத்தை நைரோபியின் கிகோம்பா சந்தையில் இருந்தான். ஒமோண்டி என்று பெயர். வெளிநாட்டில் உடுத்திக் கழித்த துணியெல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் அந்தச் சந்தையில், விடிந்ததும் அவன் மூட்டையை அறுப்பான். முதலில் பொறுக்கி எடுக்கிற நல்ல உருப்படிக்கு அங்கே 'கேமரா' என்று பெயர். ஏன் என்று கேட்டால் ஒமோண்டிக்கே தெரியாது.

கேமரா கிடைக்க வேண்டுமென்றால் கணுக்கால் சேற்றில் நின்று நாலு பேரை முழங்கையால் இடிக்க வேண்டும். மத்தியானம் ஆடி அசைந்து போகிறவர்களுக்குப் பொத்தான் இல்லாத பைஜாமாதான். இந்தக் கோட்டுக்காக நஃபுலா போன செவ்வாய்க்கிழமை ஒரு காதணியைச் சேற்றில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

இதுவும் ஒரு திறமை என்று அவள் நினைத்தாள். அவள் வேலை பார்த்த காப்பீட்டு நிறுவனம் அப்படி நினைக்காது. 'நம் உடையே நம் விலாசம்' என்று எழுதிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருந்தார்கள். அந்தச் சட்டத்துக்குக் கீழே உட்கார நஃபுலாவுக்குக் கிடைத்தது ஆறு மாத ஒப்பந்தம், அதுவும் இன்றோடு சரி. வேலை நிரந்தரமா, நடையைக் கட்டுவதா என்று பதினோரு மணிக்கு செலகாட் மேடம் சொல்வார்.

செலகாட் மேடம் போட்டதை இன்னொருத்தி போட்டு நைரோபி பார்த்ததில்லை. துபாயில் வாங்குகிறார் என்றார்கள், பாரிஸ் என்றார்கள். உடம்பிலும் அவருக்கு அக்கறை அதிகம். வாரத்தில் இரண்டு நாள் அதிகாலையில் காட்டுப் பாதையில் நடந்துவிட்டு, சேறு அப்பிய கேன்வாஸ் ஷூவோடு அலுவலகம் வந்து, மேசைக்கு அடியில் ஹீல்ஸுக்கு மாறிக்கொள்வார்.

பதினோரு மணிக்கு நஃபுலாவைத்தான் கூப்பிட்டார்கள். முன்னால் நுழைந்தவள் மகேனா.

"மேடம், லண்டன் அத்தைன்னு இவ நம்ம எல்லாருக்கும் காது குத்திட்டிருக்கா. இது பழைய துணி, மிதும்பா! எந்த முதியோர் இல்லத்துக் கெழவியோடதோ. பேரு, ரூம் நம்பர் எல்லாம் போட்டிருக்கு. இதப் போட்டுக்கிட்டு இவ நம்ம வாசல்ல உக்காந்தா கம்பெனி மானம் என்னத்துக்கு ஆகும்?"

அதே நாற்காலிக்கு மகேனாவின் தங்கையும் மனுப் போட்டிருந்தாள். அதற்கும் கம்பெனி மானத்துக்கும் சம்பந்தம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம்.

"கோட்டக் கழட்டு," என்றார் மேடம்.

நஃபுலாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வேலை நிரந்தரமாகிவிட்டது என்று ஊரில் அம்மாவிடம் போன வாரமே சொல்லியாகிவிட்டது. அம்மா அதைத் தேவாலயத்தில் எழுந்து நின்று சொல்லி, கைதட்டலும் வாங்கியாகிவிட்டது. இப்போது அந்தக் கைதட்டலை எங்கே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பது?

மேடம் நாடாவைப் படித்தார். இன்னொரு தரம் படித்தார். கோட்டின் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார், முகம் இறுகிவிட்டது.

"மகேனா, வெளில போ. கதவச் சாத்திட்டுப் போ."

மகேனா கல்யாணப் பந்திக்குப் போகிறவளைப் போலச் சிரித்துக்கொண்டு போனாள்.

"கேமராவா?" என்றார் மேடம், குரலைத் தாழ்த்தி.

நஃபுலா பதறிப்போய்க் கூரையின் நாலு மூலையையும் பார்த்தாள். "எங்க மேடம்?"

மேடம் மேசைமேல் இருந்த தாளில் கையெழுத்துப் போட்டு அவள் பக்கம் தள்ளினார். கோட்டைத் தன் நாற்காலியின் முதுகில் மாட்டிக்கொண்டார்.

"வேலை உனக்கு. கோட்டு எனக்கு."

நஃபுலாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆறு மாதப் பழக்கத்தில் வாய் மட்டும் தானாகத் திறந்தது. "அது... எங்க அத்தை ஆசையா அனுப்பினது மேடம்..."

"அந்த அத்தை ஒமோண்டிகிட்ட நான் கேட்டேன்னு சொல்லு: ஸ்கர்ட்ட மட்டும் என் தலையில கட்டிட்டு, மார்கரெட் கோட்டு மூட்டையிலயே வரலன்னு எதுக்குடா சத்தியம் பண்ணினே?"