மூணு தடவை முழுகினவன்

“காப்பாத்துங்க! காப்பாத்துங்க!” என்று விமல்ராஜ் கடலில் கையை அடித்துக்கொண்டு கத்தினான். பத்தடி தள்ளிப் படகில் இருந்த அம்மாவாசை அவனைப் பார்த்தார், காறித் துப்பினார், கையில் கிடைத்த கயிற்றையும் காலுக்குக் கீழே போட்டு மிதித்துக்கொண்டார்.

காலையிலிருந்து அந்தப் பயல் முழுகுவது இது மூன்றாவது தடவை. முன் இரண்டு தடவையும் பாய்ந்து போய் அவனைக் கட்டி இழுத்து வந்தது அம்மாவாசையின் மகள் சரிதா. இப்போதும் அவள்தான் தண்ணீரில் குதித்திருந்தாள்.

ஸ்கூபா முக்குளிப்பில் ஆளைக் காப்பாற்றும் பயிற்சியாம். தேறினால் பயிற்சி கொடுப்பவரிடமே வேலை உண்டாம். சுனாமிக்கு அப்புறம் வாங்கிய தன் ஃபைபர் படகைத் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து அம்மாவாசையே ஓட்டி வந்தது, மகளைக் கண்ணில் வைத்துக்கொள்ளத்தான்.

“ஏன் மாஸ்டர், படகுல ஆறு பேரு இருக்காங்க. எம் பொண்ணு முறை வந்தாத்தான் இவன் முழுகுவானா?”

பயிற்சி கொடுக்கும் வெற்றிச்செல்வன் சிரித்துக்கொண்டே ஃபிளாஸ்கைத் திறந்தார். “கோவப்படாதீங்க ஐயா. டீ குடிங்க. சக்கரை போடல.”

அம்மாவாசைக்கு ஆச்சரியமாகப் போயிற்று. படித்த ஆளுக்கு மூஞ்சியைப் பார்த்தாலே சர்க்கரை வியாதி தெரிந்துவிடும் போல.

மாஸ்டர் தண்ணீர்ப் பக்கம் திரும்பினார். “கடைசிப் பரீட்சை, சரிதா. விமல்ராஜ் மயங்கிட்டான், மூச்சு இல்ல. மூக்கப் புடிச்சிகிட்டு, வாயில வாய வெச்சு ரெண்டு தடவ ஊதணும்.”

வாயிலிருந்த டீ கடலுக்குப் போயிற்று.

“ஊதுவா, ஊதுவா! ஏய் சரிதா, ஏறுடி படகுல. பரிச்சையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். ஊட்டுக்குப் போறோம்!”

“நைனா!” சரிதாவுக்கு அழுகையே வந்துவிட்டது. “இத முடிக்கலன்னா நாலு மாசம் கத்துகிட்டது பூரா வீணு நைனா!”

மாஸ்டர் தலையைச் சொறிந்தார். “ஒண்ணு செய்யலாம் ஐயா. யாரு மயங்குனா என்ன? நீங்க மயங்குங்க.”

அடுத்த நிமிஷம் சட்டை படகில் கிடந்தது, அம்மாவாசை தண்ணீரில் கிடந்தார். நாற்பது வருஷமாகக் கடலில் மயங்காத மனுஷன், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பிணம் மாதிரி மிதந்தார். சரிதா நீந்தி வந்தாள், தாடையைத் தூக்கினாள், மூக்கைப் பிடித்தாள், ஊதினாள்.

“தூ! பீடி நாத்தம்!”

“செத்தவன்கிட்ட வாசன புடிக்காதடி, இழு!”

இழுத்துவந்து படகில் சேர்த்தாள். “பாஸ்!” என்றார் மாஸ்டர். மற்றவர்கள் கை தட்டினார்கள். எல்லாரையும் விடப் பலமாகத் தட்டிய விமல்ராஜை அம்மாவாசை ஒரு முறை முறைத்தார். அவன் கை அப்படியே நின்றுபோயிற்று.

தலையைத் துவட்டிக்கொண்டு மாஸ்டரை ஓரமாக அழைத்தார். “மாஸ்டர், நான் ஒருத்தனையும் நம்புற ஆளில்ல. பெத்த அப்பனையே நம்புனதில்ல. என்னமோ, உங்கள நம்புறேன். வேல கெடச்சு அவ உங்ககூடத்தான் இருக்கப் போறா. எந்தப் பயலயும் எம் பொண்ணு கிட்ட அண்ட விடாதீங்க.”

வெற்றிச்செல்வன் சரிதாவைப் பார்த்தார். அவள் சட்டென்று கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“விடவே மாட்டேன், மாமா.”