உறவுமுறை

பதினொன்றாக இருபது நிமிடம் இருந்தது. ஏழாம் அறைக்காரியின் கணவன் இன்னும் வரவில்லை.

நர்ஸ் மூன்றாவது முறையாக லிஃப்ட் வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். கையில் ஒரே ஒரு தாள். முந்தின நாள் பிறந்த குழந்தைக்கு உயிர் இல்லை. பதினொரு மணிக்குள் வீட்டு ஆள் யாராவது கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளாவிட்டால், ஆஸ்பத்திரி வண்டியே எடுத்துப் போய்ப் புதைத்துவிடும். எந்த இடம் என்று பெற்றவளுக்கும் சொல்ல மாட்டார்கள்.

பெற்றவள் கையெழுத்து செல்லாது. வயிற்றைக் கிழித்து இரண்டு நாள் ஆகும்வரை அது மயக்க மருந்து ஏறிய கை என்பது ஆஸ்பத்திரியின் சட்டம்.

படுத்திருந்தவள் நடிகை. பதிவேட்டில் வேறு பெயர். அவளுக்குக் கல்யாணம் ஆனதாகவே வெளியில் யாருக்கும் தெரியாது. கணவன் எங்கே என்று கேட்டதற்கு, வருவார் என்றாள். அதோடு சரி. எவனோ ஆசை காட்டி மோசம் செய்துவிட்டான் என்று நர்ஸ் முடிவுகட்டிவிட்டாள்.

கணவன் வரவில்லை. அண்ணன் வந்தார்.

கூடப் பிறந்தவர் இல்லை. நான்கு பாகம் வந்த படத்தில் அவளுக்கு அண்ணனாக நடித்தவர். ஆனால் ஊருக்கே அவர் அண்ணன், அவள் தங்கச்சி. ஏழு வருஷம் முகம் கொடுத்துப் பேசாத நர்ஸின் தம்பி, இரண்டாம் பாகம் பார்த்த அன்று தியேட்டரிலிருந்து நேராக அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. சாப்பிட்டியாடா என்று மட்டும் கேட்டாள்.

நடுவில் ஒரு தயாரிப்பாளர் ஆசைப்பட்டு இவர்கள் இருவரையும் வேறொரு படத்தில் ஜோடி போட்டுப் பார்த்தார். நாலு நாள் ஓடவில்லை. முதல் பாட்டில் அவர் அவள் இடுப்பில் கை வைத்ததும் பாதித் தியேட்டர் எழுந்துவிட்டது. எழுந்தவர்களில் நர்ஸும் ஒருத்தி. கண்றாவி, அண்ணன் தங்கச்சியைப் போய் இப்படியா காட்டுவார்கள் என்று வீடு வரை திட்டிக்கொண்டே வந்தாள். அதற்கப்புறம் பேட்டிக்குப் பேட்டி அவர்கள் அண்ணா, தங்கச்சி என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

அவர் சமையலறைப் பக்கப் படிக்கட்டு வழியாக, பாதி முகத்தை மறைத்துக்கொண்டு வந்தார். காலடி கேட்டதும், படுத்திருந்தவள் கண்ணைத் திறக்காமலே சுவர்ப் பக்கம் நகர்ந்து கட்டிலில் இடம் விட்டாள். அந்த இடத்தில் அவர் உட்கார்ந்தார். கூடப் பிறந்திருந்தால்கூட இப்படி வருமா என்று நினைத்தாள் நர்ஸ்.

"எவ்வளவு எடை?" என்று கேட்டார்.

"ரெண்டு எண்ணூறு, சார். பொண்ணு."

அவர் தம் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நர்ஸால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. இரண்டு நாளாக ஒரு போன் இல்லை, தண்ணீர் வேண்டுமா என்று கேட்க ஒரு நாதியில்லை, பெற்ற பிள்ளையை எடுத்துப் போகக்கூட வராதவன் என்ன மனுஷன் என்று கொட்டித் தீர்த்தாள்.

"உங்க தங்கச்சிய இப்படி விட்டுட்டுப் போனவன சும்மா விடாதீங்க, சார்."

"விட மாட்டேன்," என்றார். தலை நிமிரவில்லை.

அதற்குள் வராந்தாவில் சேதி பரவிவிட்டது. கூட்டிப் பெருக்குகிற அம்மா கதவிடுக்கில் தலையை நீட்டி, வெள்ளிக்கிழமை ஐந்தாம் பாகத்துக்குக் குடும்பத்தோடு டிக்கெட் எடுத்தாயிற்று என்று அண்ணனிடம் சொன்னாள். நர்ஸ் அவளைக் கண்ணாலேயே விரட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

பதினொன்றாக ஐந்து நிமிடம். கீழேயிருந்து போன் வந்தது. வண்டி தயார், தாள் எங்கே என்றார்கள்.

நர்ஸ் தாளைக் கட்டில் ஓரத்தில் வைத்தாள். தந்தை பெயர் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிடலாம். உறவுமுறை என்ற இடத்தில் எதையாவது எழுதினால் போதும். சினிமா உறவுதான். இருந்தாலும் இந்த முகத்தைப் பார்த்த பிறகு ஆபீஸில் எவன் கேள்வி கேட்கப்போகிறான்?

"தாய்மாமன்னு எழுதுங்க, சார். நான் பாத்துக்கறேன்."

அவர் பேனாவை வாங்கினார். தந்தை பெயர் கட்டத்துக்கு மேல் அது வெகுநேரம் நின்றது. பிறகு கோடு போட்டார். அடுத்த கட்டத்தில் 'தாய்' வரை எழுதினார்.

இரண்டு நாளில் முதல் தடவையாக, படுத்திருந்தவள் கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என்னங்க, இந்த ஒரு தாள்லயாவது அவளுக்கு அப்பாவா இருங்க."