முதல் நாள் டைம்டேபிள்

"மாமா இன்னிக்கு ரூமை விட்டு வெளியே வர வேணாம்" என்றார் கணவர்.

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ராத்திரி முழுக்க ஒரு விமானம், அப்புறம் மாறி ஏறி இன்னொரு விமானம். கணவர், மகள், அப்பாவோடு இடுப்பு ஒடிய வந்து இறங்கி, ஹோட்டல் அறையில் இன்னும் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. அதற்குள் இப்படி ஒரு குண்டு!

"ஏன்? எங்க அப்பா உங்களுக்குப் பாரமாயிட்டாரா?"

"பாரம்னு சொன்னேனா? களைப்பா இருப்பார், தூங்கட்டும்னேன்."

"தூங்கவே கூடாது! முதல் நாள் பகல்ல தூங்கினா ஊர் திரும்புற வரைக்கும் ஆந்தை மாதிரி முழிச்சுக்கிட்டுக் கிடக்க வேண்டியதுதான். டைம்டேபிள்ல தெளிவா போட்டிருக்கேன். காலைல மியூசியம், மத்தியானம் மீன் காட்சியகம், சாயங்காலம் பீச். இருட்டின பிறகுதான் படுக்கை."

டீச்சருக்கு டைம்டேபிள் இல்லாமல் பல் தேய்க்கக்கூட வராது.

டீச்சரின் அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மகளையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். போன வருஷம் பக்கவாதம் வந்து இடது பக்கம் ஓய்ந்துபோன மனிதர். அறைக்குள் சுவரைப் பிடித்து நடப்பார். வெளியே என்றால் வீல்சேர்தான். பேச்சு மட்டும் பழையபடி கணீர் என்றிருக்கும்.

"வீல்சேர் தள்ள வெட்கமா இருக்குன்னு நேரா சொல்லிடுங்களேன்" என்றாள் டீச்சர்.

"எப்படி வேணா நினைச்சுக்கோ."

"அவர் வெளிநாடு வர்றது இதான் முதல் தடவை. இனிமே வர முடியுமோ என்னமோ! எல்லாத்தையும் காட்டிடணும்னு நான் தவியாத் தவிக்கிறேன், நீங்க ரூம்ல போட்டுப் பூட்டப் பாக்கிறீங்க."

பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நீங்க சும்மா இருங்கப்பா. உங்களுக்காகத்தானே பேசிக்கிட்டிருக்கேன்!"

சண்டை போட்ட அலுப்பில், பகலில் தூங்கவே கூடாது என்றவள்தான் முதலில் குறட்டை விட்டாள்.

கண் விழித்தபோது வெயில் இறங்கியிருந்தது. கணவரைக் காணோம். வாடகைக்கு எடுத்த வீல்சேரையும் காணோம்.

"உங்கப்பா எங்கடி?" என்று மகளை உலுக்கினாள்.

"நீ தூங்கினதும் கிளம்பிட்டார்மா. வீல்சேரையும் தள்ளிக்கிட்டுப் போனார்."

போன் அடித்தாள். எடுக்கவில்லை.

"பாத்தீங்களாப்பா உங்க மாப்பிள்ளை லட்சணத்தை? வீல்சேரைத் திருப்பிக் கொடுக்கப் போயிட்டார்! அது இருந்தாத்தானே நீங்க வெளியே வருவீங்க? இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா?"

"அவசரப்படாதம்மா, அவர்..."

"அவருக்கு வக்காலத்து வாங்காதீங்க!"

அப்போதுதான் ஜன்னலோரம் நின்ற மகள் அலறினாள்.

"அம்மா! அப்பா... அப்பா வீல்சேர்ல உக்காந்து வர்றார்மா!"

டீச்சர் பாய்ந்து போய் எட்டிப் பார்த்தாள். கீழே நடைபாதையில் கணவர். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருக்க, இரண்டு கையாலும் சக்கரத்தைத் தள்ளித் தள்ளி வந்துகொண்டிருந்தார். முழங்கையில் ரத்தம். காலையில் ரெண்டு காலில் நடந்த மனுஷன்!

"ஐயோ, என் தலையில இடி விழுந்துடுச்சே!"

லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியில் உருண்டு புரண்டு ஓடினாள். அவள் வாசலுக்குப் போய்ச் சேரவும், அவர் சாவகாசமாக எழுந்து நின்று வீல்சேரை மடக்கவும் சரியாக இருந்தது.

"எந்திரிச்சு நிக்கிறீங்க!"

"ஆமா. ஏன், நிக்கக் கூடாதா?"

"உயிரே போயிடுச்சுங்க எனக்கு!" என்று தோளில் ரெண்டு அடி போட்டு, அங்கேயே அழுதாள்.

அறைக்கு வந்ததும் அவர் மாமனாருக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மாமா, உங்க பொண்ணு போட்ட டைம்டேபிள்படி ஒரு சுத்து சுத்திட்டு வந்தேன். உங்களைக் கூட்டிட்டுப் போய் நடுத்தெருவுல முழிக்கக் கூடாதேன்னு நானே உக்காந்து பாத்தேன். மியூசியத்துல சக்கரம் ஏற வழி பின்பக்கம் இருக்கு, பூட்டிக் கிடக்கு. பீச் மணல்ல சக்கரம் புதையுது. ஒரு நடைபாதை முனைல குப்புற விழுந்தேன். நல்லவேளை, விழுந்தது நான்."

"காலைலயே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் டீச்சர் ஈனஸ்வரத்தில்.

"சொன்னா விட்டிருப்பியா? ஆனா மாமா, விழுந்ததுகூட வலிக்கல. காபிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்க்கவே இல்ல. எனக்குப் பின்னாடி வரிசைல நின்னவர்கிட்ட, 'இவருக்கு என்ன வேணும்'னு கேட்கிறார். யாரோ முன்பின் தெரியாத ஆள்கிட்ட! அப்படியே ஆடிப்போயிட்டேன். காபியே வேணாம்னு வந்துட்டேன்."

பெரியவர் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

டீச்சருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"சீ, என்ன ஜென்மங்க இதுங்க! கால் வராட்டா வாயும் வராதா? உக்காந்திருக்கிறவரையே நேரா கேட்டா குறைஞ்சா போயிடுவாங்க? இவங்களுக்கெல்லாம் யாராவது பாடம் நடத்தணும்!"

மூக்கைத் துடைத்துக்கொண்டாள். போனை எடுத்து டைம்டேபிளை அழித்தாள். புதிதாக ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, கணவர் பக்கம் திரும்பினாள்.

"சரி, அது கிடக்கட்டும். நீங்க சொல்லுங்க, நாளைக்கு அப்பாவை எங்க கூட்டிட்டுப் போகலாம்? அவருக்கு எது பிடிக்கும்?"

பெரியவர் வலது கையை மெல்ல உயர்த்தினார்.

"டீச்சர், நான் சொல்லலாமா?"