உடம்புச் சூடு

“இதை உரசிப் பாருங்க, ஆசாரி அண்ணே” என்று அருள்செல்வி தாலிச் செயினைக் கழற்றி நீட்டினாள். எதைச் சந்தேகப்பட்டாலும் தாலியை மட்டும் சந்தேகப்பட்டுவிடாதே என்று அவள் அம்மா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

போன ஆடியில் பாலிஷ் போடுவதாக மாமியார் வாங்கிப்போய்த் திருப்பித் தந்ததிலிருந்து அது கறுத்துக்கொண்டே வந்தது. பூந்திக்கொட்டை நுரையில் ஊறவைத்து, பழைய பிரஷால் தேய்த்து எடுத்தால் பத்து நாள் பளபளக்கும். பிறகு கழுத்தில் பச்சைக் கறை.

“உன் உடம்புச் சூடு தங்கத்தையே கருக்குதே, அந்தச் சூட்டுல பிள்ளை எப்படி நிக்கும்?” என்றாள் மாமியார். செம்புதான் பச்சை பூக்கும் என்று வேதியியல் படித்த அருள்செல்வி சொன்னதற்கு, “உங்க வம்சத்துலயே மொதப் பட்டதாரில்ல, நகைக்கும் பாடம் எடுப்ப” என்று சிரித்தாள்.

ஆசாரி உரைகல்லில் இழுத்த கோட்டின்மேல் ஒரு சொட்டுத் திராவகம் விட்டார். கோடு பச்சையாகப் பொங்கி அழிந்தது. “கவரிங்தாம்மா.”

கூட வந்திருந்த அவள் கணவன் ஜெயபாண்டி கல்லைப் பார்க்கவேயில்லை. யாராவது கேட்டுவிட்டார்களா என்று வாசலைப் பார்த்தான்.

“உங்களுக்குத் தெரியும்ல?”

“தங்கச்சி கல்யாணத்துக்காக அம்மாதான்... வீட்ல போய்ப் பேசிக்கலாம், வா.”

“தெரிஞ்சேதான் தெனமும் சூடு தணியட்டும்னு வெந்தயத் தண்ணி கலக்கிக் குடுத்தீங்களா?”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

“செல்வி, தாலிய வச்சுட்டுப் போற பாரு” என்று பின்னாலிருந்து கத்தினான். மறந்துவிட்டாள் என்று நினைத்தான் போல. அவள் தெருவைக் கடந்தாள்.