இரண்டு வேன்களுக்கு நடுவே

அது கயத்தாறுக்கு முன்பா, தாண்டியா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மங்கம்மாள் சாலையின் புளியமரங்கள்கூட நானே பின்னால் சேர்த்துக்கொண்டவையாக இருக்கலாம். காலை ஏழரை மணி. டீக்கடை பெஞ்சில் புத்தகத்தோடு பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். பக்கத்தில் பட்டு வேட்டி கட்டிய மாப்பிள்ளை ஒருவன் காலி டம்ளரோடு நின்றான். பெயர் இசக்கிராஜ். டீ குடிக்க நின்ற அவன் வீட்டாரின் இரண்டு வேன்களும் அவனை விட்டுவிட்டுப் போய்விட்டன. ஒன்பது மணிக்கு முகூர்த்தம். அவன் போன் வேனில் இருந்தது; யாருடைய நம்பரும் அவனுக்கு மனப்பாடமில்லை.

“முன் வேன்ல இருக்கான்னு பின்னால உள்ளவன் நெனச்சிருப்பான், பின்னால வாரான்னு முன்னால உள்ளவன்,” என்று வாழைத்தார் லாரி ஓட்டும் பேச்சியப்பன் சிரித்தார். “ஏறும் மாப்ள. ஆனா காப்புக் கட்டுன ஆளு துணையில்லாம போவக்கூடாது. நான் டிரைவரு, துணைல சேராது. சார், புத்தகத்த மூடிட்டு நீங்களும் ஏறுங்க.”

வழியில் பிள்ளையார் கோயில் முன் இரண்டு வேன்களும் நின்றன. எல்லோரும் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். பேச்சியப்பன் பிரேக்கில் கால் வைத்தார்.

“நிறுத்தாதீங்க அண்ணாச்சி,” என்று இசக்கிராஜ் தலையைக் குனிந்துகொண்டான். “எப்பத்தான் தேடுதாங்கன்னு பாத்திருவோம்.”

மண்டபத்தில் பெண் வீட்டார் எங்கள் மூவருக்கும் சேர்த்து ஆரத்தி எடுத்தார்கள். பிறகுதான் வேன்கள் வந்தன. பின் வேனிலிருந்து இறங்கிய அவன் அம்மா, “ஏல, நாங்க எறங்குறதுக்குள்ள உள்ள ஓடிட்டியே, அவ்வளவு அவசரமா?” என்றார்.

கல்யாணம் குறித்த நேரத்தில் நடந்தது. பேச்சியப்பன் முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போனார். இசக்கிராஜுக்கு இப்போது இரண்டு பெண்கள். அவன் வீட்டில் இன்றுவரை யாருக்கும் விஷயம் தெரியாது. நான் அவர்கள் ஆல்பத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நிற்கிறேன்.