வளைவுக்கு ஒரு கேள்வி

செம்மேட்டிலிருந்து கிளம்பிய பஸ் மலையிறங்கத் தொடங்கியதும் காளியண்ணன் பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"தேய்மானம்னா என்ன கண்ணு?"

ஆடிட்டர் சங்கீதாவுக்குச் சிரிப்பு வந்தது. "வாங்குன பொருளு வருசா வருசம் பழசாகி மதிப்புக் குறையறதுங்கண்ணா."

"சரி."

இருபது வருடங்களுக்கு முன்பும் இதே பாதை, இதே கேள்வி. அவள் சேந்தமங்கலத்தில் பிளஸ் ஒன் சேர்ந்தபோது அவர் இந்த பஸ்ஸின் கண்டக்டர். அவளுடைய கணக்குப்பதிவியல் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, வளைவுக்கு ஒரு வார்த்தையாகக் கேட்பார். எழுபது வளைவும் முடிவதற்குள் பாடம் மனப்பாடமாகிவிடும்.

இன்று நாமக்கல்லில் அவளுடைய ஆபீஸ் திறப்பு விழா. ரிப்பன் வெட்ட அவரைத்தான் கூட்டிப் போகிறாள், காரை விட்டுவிட்டு, பழைய ஞாபகத்துக்காக பஸ்ஸிலேயே.

"அழைப்பிதழ்ல 'என் முதல் வாத்தியார்'னு உங்க பேரைப் போட்டிருக்கேனுங்கண்ணா."

"அய்யோ சாமி! டிக்கெட் கணக்கைத் தவிர எனக்கு என்ன தெரியும்? நீ எதைச் சொன்னாலும் சரின்னு சொல்லிட்டு வந்தேன்."

"அதான் கடனைச் சொத்துன்னு சொன்னப்பவும் சரின்னீங்களா? அப்புறம் எதுக்குங்கண்ணா தினமும் கேட்டீங்க?"

"மொத நாளு மூணாவது வளைவுலயே பஸ்ஸெல்லாம் வாந்தி எடுத்து வெச்சயே, மறந்துட்டியா? நாந்தான் கழுவுனேன். பேச்சுக் குடுத்துட்டே வந்தா எடுக்க மாட்டீன்னு டிரைவர் சொன்னாரு."

சங்கீதா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். பஸ் அடுத்த வளைவில் திரும்பியது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

காளியண்ணன் அவசரமாகக் கேட்டார்: "இருப்புநிலைக் குறிப்புன்னா என்ன கண்ணு?"