உரிக்காத பிளாஸ்டிக் தாள்

மேசை மேல் கிடந்த கேம் கன்ட்ரோலருக்குப் பொறுமையே போய்விட்டது. திருமாறன் அதை ஆசை ஆசையாக வாங்கி வந்து நாலு மாதமாகிறது. மேலே ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளைக்கூட அவன் இன்னும் உரிக்கவில்லை.

பக்கத்தில் இருந்த கீபோர்டுக்கோ ஓய்வே கிடையாது. எந்த கேம் உருப்படி, எது குப்பை, எந்த ஆப் ஆளை ஏமாற்றுகிறது என்று திருமாறன் நாள் முழுக்கத் தட்டித் தட்டியே அதன் பாதி எழுத்துகள் அழிந்துவிட்டன.

"இன்னைக்கு என்னத்த எழுதுறாரு நம்ம அய்யா?" என்று கன்ட்ரோலர் எரிச்சலோடு கேட்டது.

"புது கேம்ல கடைசி லெவல் படு மோசமாம். கிழிச்சுத் தொங்க விட்டுட்டு இருக்காரு."

"அட, அது இன்னும் டவுன்லோடே முடியலையேப்பா!"

"அதனால என்ன? அதுக்குள்ள கமெண்ட்ல நாப்பது பேரோட சண்டை போட்டாச்சு."

அந்த நேரம் பார்த்துத் திருமாறன் கன்ட்ரோலரைக் கையில் எடுத்தான். அதற்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவன் தூசியைத் துடைத்தான், ஜன்னலோரம் வெளிச்சத்தில் வைத்துப் போனில் ஒரு படம் எடுத்தான். பிறகு அதைப் பழைய இடத்திலேயே போட்டுவிட்டு மறுபடி தட்டத் தொடங்கினான்.

"என்னைப் பத்தியா எழுதுறாரு?"

"ஆமா. 'இதுல ஆடி ஆடியே என் விரல் ரேகை தேஞ்சு போச்சு நண்பர்களே'ன்னு போட்டிருக்காரு."

"பச்சைப் பொய்!" என்று கத்தியது கன்ட்ரோலர்.

"ரேகை தேஞ்சது நிஜம்தான்" என்றது கீபோர்டு. "என் மேல தேஞ்சுது."